ஃபிளாப்பா? பிரேக் பலகையா?



நம்ம ஓசூர் பக்கம் பேளகொண்டப்பள்ளியில் விமான ஓடுதளம் இருப்பது உங்களுக்குத் தெரியும். விமானம் இறங்கும்போது இறக்கையின் பின் ஓரம் கீழே மடங்கும். அதுதான் ஃபிளாப்.

அறிவியல் கண்காட்சிக்கு நான் தெர்மாகோலில் ஒரு விமானம் செய்தேன். வித்தியாசமா இருக்கட்டும்னு பெரிய இறக்கையைப் பின்னாலும், சின்ன இறக்கையை மூக்கிலும் வைத்தேன். நன்றாகப் பறந்தது. பெரிய இறக்கையில் அட்டையால் ஃபிளாப் ஒட்டினேன். விட்டதும் மூக்கு குத்தி விழுந்து உடைஞ்சு போச்சு! கண்காட்சிக்கு இரண்டே நாள். அழுகை வந்துவிட்டது. டீச்சர், "அழாதே, ஏன் விழுந்ததுன்னு முதலில் கண்டுபிடி" என்றார்.

காரணம் இதுதான்.

ஃபிளாப்புக்கு இரண்டு வேலை. தூக்குவிசையையும் கூட்டும், காற்றுத்தடையையும் கூட்டும். அதனால் விமானம் மெதுவாக வந்து இறங்க முடியும். ஆனால் என் விமானத்தில் தூக்குவிசை பின்பக்கம் மட்டும் கூடியது. சீசா பலகை மாதிரி பின்பக்கம் எழுந்தது, மூக்கு இறங்கியது.

அமெரிக்காவின் பர்ட் ரூட்டன், ஆர்வலர்கள் தாங்களே கட்டிக்கொள்வதற்காக வடிவமைத்த லாங்-ஈசி விமானமும் இதே வடிவம்தான். 1979-இல் பறந்தது. அதில் ஃபிளாப் கிடையாது. வயிற்றுக்கு அடியில் ஒரு பலகை திறக்கும். சைக்கிளில் போகும்போது குடையை விரித்தால் பின்னால் இழுக்குமே, அது மாதிரி.

பலகையால் நன்மை: விமானம் அதிகச் சரிவாக இறங்கலாம், வேகம் ஏறாது.
குறை: தூக்குவிசை கூடாது. அதனால் வேகமாகத்தான் தரையைத் தொடணும். நீளமான ஓடுதளம் வேணும்.

நமக்குப் பக்கத்துப் பெங்களூரில் உள்ள என்.ஏ.எல். ஆய்வகம், லாங்-ஈசி மாதிரியில் கட்டிய எல்.சி.ஆர்.ஏ. விமானத்தை 1987-இல் பறக்கவிட்டது. அதே ஆய்வகத்தின் ஹன்சா 1993-இல் பறந்தது. ஹன்சாவுக்கு இறக்கை முன்னால், வால் பின்னால். மூக்கு இறங்கப் பார்த்தால் வால் சரிசெய்யும். எனவே அதில் ஃபிளாப் உண்டு.

ஆக, எது நல்லது என்று மட்டும் கேட்கக் கூடாது. எந்த விமானத்துக்கு என்று கேட்க வேண்டும்.

உடைந்ததை ஒட்டி, ஃபிளாப்பைப் பிய்த்துவிட்டு, வயிற்றில் ஒரு அட்டை வைத்தேன். மூக்கு குத்தாமல் சீக்கிரம் இறங்கியது. பரிசு கிடைக்கவில்லை. ஆனால் "ஏன் ஃபிளாப் வைக்கலை?" என்று நடுவர் கேட்டதும் டக்குனு பதில் சொன்னேன்!

சிந்திக்க: ஓடுதளம் சிறியதாக இருந்தால் நீங்கள் எந்த விமானம் கட்டுவீர்கள்?

– 9-ஆம் வகுப்பு மாணவி