பவர் பத்திரம் எதுவரை செல்லும்



பெற்றோரிடம், அவர்கள் சார்பில் செயல்பட அதிகாரம் தரும் ஒரு பவர் பத்திரம் எழுதி வாங்கிப் பதிவு செய்துவிட்டால் அவர்களுடைய முதுமைக்கான ஏற்பாடு முடிந்தது என்ற நம்பிக்கை மலையிலும் சமவெளியிலும் ஒரேபோல வேரூன்றியிருக்கிறது. அது தவறான நம்பிக்கை. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவுப்படி, அதிகாரம் கொடுத்தவர் இறந்தாலும் சித்தசுவாதீனம் இழந்தாலும் முகவரின் அதிகாரம் முடிந்துபோகிறது. தாய்க்கு முழங்கால் வலி என்றால் பவர் உதவும். பதிவு அலுவலகம்வரை அவர் வர வேண்டியதில்லை. அதே தாய்க்குப் பிள்ளையின் முகமே அடையாளம் தெரியாமல் போகும்போதுதான் பத்திரத்தின் தேவை அதிகம். அப்போது அது வெறும் தாள். 209ஆம் பிரிவு முகவருக்கு ஒரு கடமையை மட்டும் விட்டுவைக்கிறது: தன்னிடம் ஒப்படைக்கப்பட்டதைக் காப்பாற்ற நியாயமான நடவடிக்கை எடுக்க வேண்டும். அதைக் காட்டி நிலத்தை விற்க முடியாது. இங்கிலாந்தில் நினைவு தப்பிய பிறகும் செல்லுபடியாகும் தனிவகைப் பத்திரம் உண்டு. இந்தியாவில் அதற்கு ஈடான பொதுச் சட்டம் இல்லை. பத்திரம் எழுதித் தருகிறவர்களில் எத்தனை பேர் இதை வாய் திறந்து சொல்கிறார்கள் என்பது வேறு கதை.

உடல் முடியாதவரைக் கவனிப்பது ஊருக்குத் தெரிந்த வேலை. அவருடைய கையெழுத்தைக் கவனிப்பது தெரியாத வேலை. கொடைக்கானல் மலைச்சரிவிலுள்ள வெள்ளகவி என்ற ஊரில் இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும். வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸ் வழியாக இறங்கியோ, கும்பக்கரைப் பக்கமிருந்து ஏறியோதான் தலைமுறை தலைமுறையாக அந்த ஊருக்குப் போய்வந்தார்கள். 1821இல் லெப்டினன்ட் வார்டு கொடைக்கானல் மேட்டை நில அளவை செய்ய ஏறியது வெள்ளகவியிலிருந்துதான். பழனிமலையின் பழைய ஆவணங்களைப் புரட்டுகிறவர்களுக்கு இன்னொன்றும் கண்ணில் படும்: சாலை வருவதற்கு முன் மலைவாசத்துக்கு வந்த வெள்ளைக்காரர்களையும் ஆட்கள்தான் நாற்காலியிலும் டோலியிலும் தூக்கி ஏற்றினார்கள். துரைமாருக்கு அந்தத் தேவை என்றோ தீர்ந்தது. வெள்ளகவியின் நோயாளிக்கும் கர்ப்பிணிக்கும் டோலி தொடர்ந்தது. ஊருக்குள் செருப்பு அணியாத வழக்கம் பற்றிப் பயணக் கட்டுரைகள் பக்கம் பக்கமாக வியக்கின்றன. டோலியை யார் தூக்குவது, யார் தோள் மாற்றுவது என்ற ஏற்பாடுதான் அதைவிட எழுதத் தக்கது. அழைப்பு வந்த பிறகு விவாதிக்க அங்கே நேரமில்லை. பணம், நிலம், சிகிச்சை ஆகிய மூன்றிலும் அந்த முன்னேற்பாடு வேண்டும்.

பணத்தில் முதலில் பார்க்க வேண்டியது வங்கிக் கணக்கு. நாமினி போட்டிருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர்கள் ஏராளம். நாமினிக்கு வேலை வருவது இறப்புக்குப் பிறகுதான். படுக்கையில் கிடக்கும் காலத்தில் அவரால் ஒரு ரூபாயும் எடுக்க முடியாது. ‘ஈதர் ஆர் சர்வைவர்’ என்ற முறையில் கூட்டுக் கணக்காக மாற்றியிருந்தால் மற்றவர் எடுக்கலாம். அதுவும் இல்லை, கைநாட்டுப் போடக்கூட முடியவில்லை என்றால்? ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல் இங்கே வியப்பூட்டும் அளவுக்கு மனிதத்தன்மை உள்ளது. மூப்பாலோ நோயாலோ முடியாமற்போன வாடிக்கையாளரின் கைப்பெருவிரல் ரேகை மட்டுமல்ல, கால்பெருவிரல் ரேகையும் ஏற்கப்படும். வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் அதை அடையாளம் காட்ட வேண்டும். ஒருவர் பொறுப்புள்ள வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். ரேகையும் வைக்க முடியாதவர் காசோலையில் ஏதேனும் ஒரு குறி இட்டு, அதையும் அப்படியே சாட்சிகள் அடையாளம் காட்டினால் போதும். பணத்தை யார் பெறுவார் என்பதை அவரே சுட்டிக்காட்டலாம். 70 வயது கடந்தவர்களுக்கு வீட்டு வாசலில் சேவை தரவேண்டும் என்று 2017இல் சொல்லப்பட்டது. இவையெல்லாம் ஏட்டில் இருக்கின்றன. கவுண்டரில் இருப்பவருக்குத் தெரியாவிட்டால் சுற்றறிக்கையைக் கேட்டு வாங்கிக் காட்டுவது குடும்பத்தார் வேலை. ஒன்று மட்டும் நினைவிருக்க வேண்டும்: இந்த விதிகள் உடல் தளர்ந்தவருக்கானவை. மனம் தெளிவில்லாதவரின் விரலைப் பிடித்து அழுத்துவதற்கு மோசடி என்று பெயர்.

நிலத்தில் அவசரம் ஆகாது. தான செட்டில்மெண்ட் எழுதிக்கொடுத்தால் உரிமை உடனே கைமாறும். உயில் எழுதினால் இறப்புக்குப் பிறகே. பிள்ளைகள் பெரும்பாலும் முதலாவதையே கேட்பார்கள். கொடுப்பதானால், தன்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதவேண்டும். 2007ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, அந்த நிபந்தனை மீறப்பட்டால் பத்திரத்தை ரத்துசெய்ய வழி தருகிறது. நிபந்தனை இருந்ததாகக் காட்ட வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டத்தின் நோக்கம் அறிந்து தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று 2025இல் சொன்னது. தாராளத்தை நம்பி இருப்பதைவிட ஒரு வரி சேர்ப்பது மலிவு. பத்திரத்தை ரத்துசெய்யக் கேட்டு வெள்ளகவிக்காரர் கொடைக்கானல் கோட்டாட்சியரிடம் வழக்கறிஞர் இல்லாமலே மனுக் கொடுக்கலாம்.

சிகிச்சை விருப்பத்தையும் எழுதி வைக்கலாம். மீள வழியில்லாத நிலையில் கருவிகளால் உயிரை நீட்டிக்க வேண்டாம் என்ற முன்விருப்ப ஆவணத்தை 2018இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. முதலில் மாஜிஸ்திரேட் கையொப்பம் வேண்டியிருந்தது. 2023 முதல் இரண்டு சாட்சிகளும் நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியின் சான்றும் போதும். மனநல சிகிச்சைக்கு 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் தனியாக இடம் உண்டு. தனக்காகப் பேச ஒரு பிரதிநிதியை நியமிக்கலாம். அந்தப் பிரதிநிதிக்குச் சொத்தின்மேல் எந்த அதிகாரமும் கிடையாது. இந்த நியமனத்தையும் பவரையும் குழப்பிக்கொள்வோர் உண்டு.

எதுவும் எழுதாமல் ஒருவர் நினைவிழந்துவிட்டால் மிஞ்சுவது நீதிமன்றம். கோமாவில் கிடந்த கணவரின் சொத்தைச் சிகிச்சைச் செலவுக்காக விற்க, 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் மனைவியைப் பாதுகாவலராக நியமித்தது. தனி நீதிபதி மறுத்த பிறகு மேல்முறையீட்டில்தான் அது கிடைத்தது. வெள்ளகவி இருக்கும் திண்டுக்கல் மாவட்டத்தார் இதற்கு மதுரைக் கிளைக்குப் போக வேண்டும்.