சோடி என்று சொல்லி விற்குமுன்

"நாநா, நீங்க தந்த சோடியில ஒன்டு மத்தத கொன்டு போட்டுட்டு" என்று வாடிக்கையாளர் ஒருவர் கடைக்கு வந்து நின்றார். ஒராட்டஸ் எனும் மலாவி ஏரி மீன்களில் கறுத்தது ஒன்று, மஞ்சளில் இரண்டு என அவருக்குக் கொடுத்திருந்தேன். கறுப்பு ஆண், மஞ்சள் பெண் என்பதே எனது கணக்கு. பிழை என்னுடையது. இம்மீனின் குஞ்சுகள் எல்லாமே மஞ்சள்தான். தொட்டியில் பலம் பெற்ற ஆண்தான் கறுப்பாக மாறும். அதற்கு அடங்கிக் கிடக்கும் ஆண் மஞ்சளாகவே இருந்துவிடும். நான் பெண் என்று கொடுத்ததில் ஒன்று அப்படிப்பட்ட ஆண். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

கப்பி மீனில் ஆண், பெண் பிரிக்கச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சிக்லிட்டில் அப்படியல்ல. இனத்துக்கு இனம் அடையாளம் வேறு. கன்விக்ட் எனும் கறுப்பு வரி மீனில் வயிற்றில் செம்மஞ்சள் படிந்திருப்பது பெண். ஆண் பெரியது, செட்டைகள் நீண்டிருக்கும். பீகொக் இனத்தில் ஆணுக்கு நிறம், பெண் மண் நிறம். ஒஸ்காரில் வெளியடையாளம் எதுவுமில்லை. ஏஞ்சலும் அப்படித்தான். இரண்டு ஏஞ்சல் சேர்ந்து முட்டையிட்டதைக் கண்டு சோடி என்று முடிவு செய்ய வேண்டாம். இரண்டு பெண்களும் சேர்ந்து முட்டையிடும். அம்முட்டைகள் வெளுத்துப் போகும், குஞ்சு வராது.

மலாவி மீன்களில் வாலடிச் செட்டையிலுள்ள மஞ்சள் புள்ளிகளை வைத்து ஆண் என்பார்கள். பெண்ணிலும் அப்புள்ளி வருவதுண்டு. நம்பகமான வழி வயிற்றுப்புறத்தைப் பார்ப்பதுதான். மூன்று அங்குலத்துக்கு மேல் வளர்ந்த மீனை ஈரக் கையில் புரட்டிப் பிடித்தால் இரண்டு துவாரங்கள் தெரியும். முன்னால் இருப்பது மலவாசல், வாலை நோக்கி இருப்பது இனப்பெருக்கத் துவாரம். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவென்றால் ஆண். பின்னாலுள்ளது பெரிதாக இருந்தால் பெண். சில விநாடிகளுக்கு மேல் பிடித்திருக்கக் கூடாது. ஒரே இனத்தில் நாலைந்தை ஒப்பிட்டுப் பார்த்தால் கண் பழகிவிடும்.

இனி சண்டை. நமது குளங்களில் 1952 முதல் இருந்துவரும் திலாப்பியாவும் சிக்லிட்தான். ஆண் குழி தோண்டிக் காவல் நிற்பதைப் பலரும் கண்டிருப்பீர்கள். அதே குணத்தை நான்கடித் தொட்டிக்குள் அடைத்தால் பலவீனமான மீனுக்கு ஓட இடமில்லை. ஆகவே மலாவி மீன்களைச் சோடியாக விற்பதே தவறு. ஓர் ஆணுக்கு மூன்று, நான்கு பெண்கள் கொடுங்கள். அப்போது அதன் விரட்டல் ஒன்றின் மேலேயே விழாது. கடைத் தொட்டியில் ஒரே அளவுள்ளவற்றை நெருக்கமாக விட்டால் எதற்கும் எல்லை பிடிக்க முடியாது. ஆனால் தண்ணீரை அடிக்கடி மாற்ற வேண்டும், அந்தச் செலவைக் கணக்கில் போடுங்கள். புது மீன் விடும்போது கற்களை இடம் மாற்றி, விளக்கை அணைத்து விடுவேன். பழைய மீனுக்குத் தன் இடம் எது என்பதே மறந்துபோகும். கன்விக்ட் விடயம் வேறு. அது உண்மையிலேயே சோடி சேரும். முட்டையிட்டதும் இரண்டும் சேர்ந்து மற்றவற்றைத் தாக்கும். அவற்றுக்குத் தனித் தொட்டி வேண்டும் என்று விற்கும்போதே சொல்லிவிடுங்கள்.

ஒன்றைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். மண் நிறப் பீகொக் பெண்ணுக்கு ஆண் ஹோர்மோன் கலந்த தீனி கொடுத்து நிறமேற்றி, கூடிய விலைக்கு விற்கும் வழக்கம் இத்தொழிலில் உண்டு. தீனி நின்றதும் நிறம் மங்கும். நபி (ஸல்) அவர்கள் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரத்தைக் கண்ட சம்பவம் நாம் அறிந்ததே. இது அந்த ஈரம்தான். சிறிய மீன்கள் ஒரு கூட்டமே பளபளத்து, அதில் மண் நிறம் ஒன்றுகூட இல்லையென்றால் மொத்தமாக வாங்குமுன் கேளுங்கள், துவாரத்தையும் பாருங்கள்.

குஞ்சு மீன்களுக்கு நான் இப்போது பில்லில் "ஆண் பெண் தெரியாது" என்றே எழுதுகிறேன். சோடி கேட்பவருக்கு ஆறு குஞ்சுகளைக் குறைந்த விலையில் கொடுத்து, வளர்ந்த பின் மிஞ்சும் ஆண்களைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். அப்படி வந்த ஆண்களைத் தனியே ஒரு தொட்டியில், பெண்ணே இல்லாமல் வைத்திருக்கிறேன். அங்கே சண்டை குறைவு, நிறம் நன்றாக இருக்கிறது. அழகுக்கு மட்டும் மீன் வளர்ப்போர் அதைத்தான் கேட்டு வருகிறார்கள்.