பாட்டுக்கு ஆடுவதா, குரலோடு ஆடுவதா?

கேள்வி: நாகர்கோவிலில் பரதநாட்டிய வகுப்பு நடத்துகிறேன். அண்மையில் ஒரு காணொளி பார்த்தேன். ஒரு பெண் சொல்லே இல்லாமல் மூச்சும் முனகலும் இழுப்புமாகக் குரல் கொடுக்கிறார். இன்னொருவர் பக்கத்தில் ஆடுகிறார். தாளம் பிடிபடவில்லை, கதை இல்லை, முத்திரை இல்லை. ஆனாலும் பார்ப்பதை நிறுத்த முடியவில்லை. இதற்கெல்லாம் என்ன பொருள்? இது மேல்நாட்டுச் சரக்கா, நம்மிடமும் உண்டா? எங்கள் ஊர் சுடலைமாடன் கொடைக்கு வரும் கணியான் கூத்து அண்ணாவியின் குரல் எனக்கு அவ்வளவு பிடிக்கும். அவரோடு சேர்ந்து இப்படி ஒன்றைச் செய்து பார்க்கலாமா? எங்கிருந்து தொடங்குவது?
- வாசகி, நாகர்கோவில்

பதில்: செய்து பார்க்கலாமா என்ற கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன்: தாராளமாகச் செய்யலாம். ஆனால் எப்படிச் செய்யக் கூடாது என்பது தெரிய வேண்டுமானால் உங்கள் முதல் இரண்டு கேள்விகளையும் கடந்துதான் வர வேண்டும்.

முதலில் பொருள். நீங்கள் அதைத் தேடுவது இயல்பு. பதம், வர்ணம், ஜாவளி எதை எடுத்தாலும் சாகித்தியம் முன்னே போகும், அபிநயம் பின்னே வரும். அதே வர்ணத்தில் தீர்மானம் வரும்போது என்ன நடக்கிறது? நட்டுவனார் தட்டுக்கழியைத் தட்டிச் சொற்கட்டு சொல்கிறார். அதற்கு அகராதியில் பொருள் கிடையாது. ஆனால் உங்கள் கால் எங்கே ஓங்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும், உடம்பின் பாரம் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதையெல்லாம் அந்தக் குரல்தான் முடிவு செய்கிறது. அப்போது நீங்களும் பொருள் கேட்பதில்லை, பார்ப்பவரும் கேட்பதில்லை. பரிசோதனைக் குரலிசைக்காரர்கள் செய்வது இந்த இடத்தை அகலப்படுத்துவது. சொற்கட்டோடு மூச்சு, கிசுகிசுப்பு, உறுமல், ஒரே சுவரத்தில் நீளும் கார்வை எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்கிறார்கள். பாடுகிறவரின் குரலை எழுப்புவதும் ஆடுகிறவரின் இடுப்பையும் முதுகையும் தாங்குவதும் மூச்சுதான். ஆகவே அடுத்த முறை அந்தக் காணொளியைப் பார்க்கும்போது கேள்வியை மாற்றிக்கொள்ளுங்கள்: இந்தக் குரல் அந்த உடம்பை என்ன செய்தது? உடம்பு கூடப் போனதா, மறுத்ததா, காத்திருந்ததா? இதற்கு விடை கிடைத்தால் போதும்.

அடுத்து, இது மேல்நாட்டுச் சரக்கா என்பது. பாதி ஆம். அமெரிக்காவில் நடனக் கலைஞர் மெர்ஸ் கன்னிங்ஹாமும் இசையமைப்பாளர் ஜான் கேஜும் ஒரு துணிச்சலான விதியை வைத்துக்கொண்டார்கள். நடனம் தனியே உருவாகும், இசை தனியே உருவாகும், இரண்டும் மேடையில்தான் சந்திக்கும். 1965இல் கன்னிங்ஹாம் அமைத்த ‘ஹவ் டு பாஸ், கிக், ஃபால் அண்ட் ரன்’ என்ற படைப்புக்குப் பக்கவாத்தியமே கிடையாது. கேஜ் மேடையோரம் உட்கார்ந்து குட்டிக் கதைகள் வாசித்தார். ஒரு கதைக்கு ஒரு நிமிடம். நீளமான கதை என்றால் வேகமாக, சின்னக் கதை என்றால் இழுத்து. ஆடுகிறவர்கள் அந்தக் கதைகளை நடித்துக் காட்டவில்லை. தங்கள் ஆட்டத்தை ஆடினார்கள். மெரடித் மங்க் எதிர்த் திசையில் போனார். பாடுவதையும் ஆடுவதையும் ஒரே உடம்பில் வைத்தார். 1991இல் அரங்கேறிய அவருடைய ‘அட்லஸ்’ என்ற இசை நாடகத்தில் பெரும்பகுதி சொல்லில்லாத குரல்தான்.

மீதிப் பாதி இங்கிருந்து போனது. 1946இல் நியூயார்க் சென்ற அகமதாபாத்தின் கீதா சாராபாய் அங்கே கேஜுக்கு இந்திய இசை கற்றுக்கொடுத்தார். மாற்றாக அவரிடம் மேல்நாட்டு இசை கற்றார். 1964இல் கன்னிங்ஹாம் குழு தன் உலகச் சுற்றுப்பயணத்தில் இந்தியாவுக்கும் வந்துபோனது. தென்னிந்தியப் பெற்றோருக்கு இங்கிலாந்தில் பிறந்த ஷீலா சந்திரா, 1992இல் வெளியிட்ட இசைத்தொகுப்பில் தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோலை மிருதங்கத்தின் பக்கத்திலிருந்து பிரித்தெடுத்துத் தனிக்குரல் கலையாகவே பாடினார். எது யாருடையது என்று அடித்துச் சொல்ல முடியாத கொடுக்கல் வாங்கல் இது.

குரலுக்கும் ஆட்டத்துக்கும் உள்ள உறவை மாற்றிப் பார்த்ததற்குத் தமிழ்நாட்டில் பெரிய உதாரணம் சந்திரலேகா. மகாராஷ்டிரத்தில் பிறந்து சென்னைக்கு வந்து, காஞ்சிபுரம் எல்லப்பப் பிள்ளையிடம் பரதம் கற்றவர். 1952இல் நடந்த அவருடைய அரங்கேற்றம் ராயலசீமா வறட்சி நிவாரணத்துக்கு நிதி திரட்டும் நிகழ்ச்சி. ‘மதுரா நகரிலோ’ பாடலில் யமுனையின் நீர்ப்பெருக்கையும் தோழியர் நீராடுவதையும் அபிநயித்துக்கொண்டிருந்தபோது, குடிக்கத் தண்ணீரில்லாத மக்களுக்காக இதை ஆடுகிறோமே என்ற எண்ணம் அவரை உலுக்கிவிட்டது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். சாகித்தியத்தைக் கையால் காட்டினால் போதுமா என்ற ஐயம் அங்கே முளைத்தது. பல ஆண்டுகள் மேடையை விட்டு விலகியிருந்து, 1985இல் ‘அங்கிகா’வோடு திரும்பினார். பரதம், யோகம், களரி மூன்றும் அதில் ஒன்றாக நின்றன.

உங்கள் கேள்விக்கு நேராகப் பொருந்துவது அவருடைய கடைசிப் படைப்பான ‘சரீரா’, 2001இல் உருவானது. மேடையில் இரண்டே பேர். கவிஞர் திஷானி தோஷியும் களரிக் கலைஞர் ஷாஜி ஜானும் அதைப் பல ஆண்டுகள் ஆடினார்கள். குரல், துருபத் பாடகர்களான குந்தேச்சா சகோதரர்களுடையது. துருபத் ஆலாபனையில் பாட்டுவரி வருவதற்கு முன் ‘நோம்’, ‘தோம்’ என்ற அசைகளை வைத்தே ராகத்தை அடியிலிருந்து கட்டியெழுப்புவார்கள். அந்த மெதுவான கட்டுமானத்தின் ஊடே ஒரு பெண்ணுடல் தரையில் விரிந்து, மடங்கி, எழுகிறது. ஒரு காலைத் தூக்கி இறக்குவதற்குள் நிமிடங்கள் போய்விடும். குரல் உடம்பை விரட்டுவதுமில்லை, உடம்பு குரலுக்கு விளக்கவுரை எழுதுவதுமில்லை. சந்திரலேகா 2006 டிசம்பரில் காலமான பிறகும் ‘சரீரா’ மேடையேறியது. அவரிடம் ஆடிவந்த பத்மினி செட்டூர், சென்னையில் வாழும் டச்சு இசைக்கலைஞர் மார்டன் விஸரோடு சேர்ந்து ஒலிக்கும் அசைவுக்கும் உள்ள உறவை வேறு விதமாகத் தொடர்கிறார்.

குரலை மேடையில் எங்கே வைப்பது என்பதற்கும் ஓர் உதாரணம். முதல் உலகப் போரில் சிக்கிய இந்தியச் சிப்பாயைப் பற்றி அக்ரம் கான் 2018இல் அமைத்த ‘ஜீனோஸ்’, கதக் கச்சேரி போலத் தொடங்கும். கர்நாடக இசை பயின்ற ஆதித்ய பிரகாஷ் பாட, பி.சி. மஞ்சுநாத் தாளவாத்தியத்தோடு கொன்னக்கோலும் சொல்வார். கச்சேரி கலைந்து போர்க்களம் வந்ததும் இசைக்குழு மேடைக்குப் பின்னால் உயரத்தில் தெரியும். கூடவே இருந்த குரல் எட்டாத இடத்துக்குப் போய்விட்டது என்பது ஒரு சொல்கூடச் செலவில்லாமல் விளங்கிவிடும்.

இனி நம் நாஞ்சில் நாட்டுக்கு வருவோம். நீங்கள் கொடையில் பார்த்ததையே கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அண்ணாவி கதையைப் பாடுகிறார். பின்பாட்டுக்காரர் காதில் கைவைத்து அந்த அடியை மேலே இழுத்துக்கொண்டு போகிறார். உச்சம், மந்தம் என்று இரண்டு மகுடப் பறைகள். பெண் வேடமிட்ட இரண்டு ஆட்டக்காரர்கள் சலங்கையோடு ஆடுகிறார்கள். அவர்கள் அண்ணாவியின் ஒவ்வொரு சொல்லுக்கும் முத்திரை பிடிப்பதில்லை. அவர்கள் கால் மகுடத்தோடு பேசுகிறது. கதை அண்ணாவியின் தொண்டையில் நடக்கிறது. இரண்டும் ஒரே கூத்துக்குள் தனித்தனியாக இயங்குகின்றன. வில்லுப்பாட்டில் இன்னும் தீவிரம். வரத்துப்பாட்டு ஏற ஏற, அதுவரை சும்மா நின்ற, சாமியாடும் கோமரத்தாடியின் உடம்பு துள்ளத் தொடங்குகிறது. குரல் ஓர் உடம்பை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? களரியில் ஆசான் வாயால் சொல்லும் வாய்த்தாரிக்குச் சீடனின் உடம்பு பாய்வதும் இதே உறவுதான். போதாததற்கு, திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயில் திருவிழாவில் கதகளி உண்டு. நடிகர் வாய் திறப்பதில்லை, பின்னால் நிற்கும் பாகவதர்கள்தான் பாடுகிறார்கள். குரலையும் உடம்பையும் வேறு வேறு ஆளிடம் கொடுத்து வைக்கும் பழக்கம் நம் மாவட்டத்துக்குப் புதிதல்ல. அ.கா. பெருமாள் போன்ற ஆய்வாளர்கள் இந்தக் கலைகளைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். அண்ணாவியைப் பார்க்கப் போவதற்கு முன் அவற்றைப் படித்துவிடுங்கள்.

இப்போது செய்முறை. அண்ணாவி பாடும் கதையை எடுத்துப் பரதமாக நடித்துக் காட்டாதீர்கள். பலரும் விழும் குழி அது. அவர் குரல் உங்கள் அபிநயத்துக்குப் பின்னணி ஆகிவிடும். ஒலிப்பெட்டியில் பாட்டைப் போட்டு ஆடுவதற்கும் அதற்கும் வித்தியாசம் இராது. கதையைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரே ஒரு இழுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பாடட்டும், நீங்கள் அசையாமல் நின்று மூச்சை மட்டும் கவனியுங்கள். பிறகு குரல் நின்ற இடத்தில் ஆடிப் பாருங்கள். பிறகு அவர் வேகமாகப் பாட, நீங்கள் மெதுவாக. பிறகு நீங்கள் முதலில் ஆட, அவர் உங்களைப் பார்த்துக் குரல் கொடுக்கட்டும். கடைசியாகச் சொன்னது முக்கியம். அப்போதுதான் யார் யாருக்குப் பக்கவாத்தியம் என்ற கேள்வி கழன்று விழும். அவரை மேடை மூலையில் உட்கார வைக்காதீர்கள். பாடகரும் நடக்கலாம், திரும்பலாம், உங்களுக்கு முதுகு காட்டலாம். முதல் நிகழ்ச்சி பதினைந்து நிமிடம் இருந்தால் போதும். சின்ன அரங்காகப் பார்த்து, முடிந்தால் ஒலிபெருக்கி இல்லாமல் செய்யுங்கள். மூச்சு கேட்காவிட்டால் பாதி போய்விடும். கொடை மாதங்களில் குழுக்களுக்கு ஓய்வே இராது, ஒத்திகையை அதற்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது, வெட்டவெளியை நம்பாதீர்கள்.

ஓர் எல்லையும் உண்டு. கணியான் கூத்து ஒரு சடங்கு. அதைப் பரம்பரையாகச் செய்துவருகிறவர்கள் பழங்குடிப் பட்டியலில் உள்ள கணியான் சமூகத்தார். கைவெட்டு, திரளை போன்ற சடங்குகளை மேடைக்கு இழுப்பது கலைப் பரிசோதனை ஆகாது. எது வரலாம், எது வரக் கூடாது என்பதை அண்ணாவிதான் சொல்ல வேண்டும். அவர் வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுங்கள். ஒத்திகை நாளுக்கும் கூலி உண்டு என்பதையும், பதிவை இணையத்தில் ஏற்றலாமா என்பதையும் முதல் நாளே பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சபா மேடைகளில் நாட்டார் கலைஞரை ஒரு பொன்னாடையோடு அனுப்பிவிட்டு, படைப்புக்கான பெயரை மற்றவர் எடுத்துக்கொள்வது நெடுநாள் வழக்கம். நீங்கள் அதைச் செய்யாதீர்கள். அழைப்பிதழில் ‘பாட்டு: இன்னார்’ என்று அடியில் போட்டால் போதாது, ‘ஆக்கம்’ என்ற இடத்தில் இரண்டு பெயரும் ஒரே அளவு எழுத்தில் வரட்டும். அது முடியுமானால் தொடங்குங்கள்.