உணவுக் கழிவைத் தீவனமாக்கும் கறுப்புச் சிப்பாய் ஈ

ஈ என்றதும் முகம் சுளிப்பது வழக்கம். சாக்கடையில் உட்கார்ந்துவிட்டுச் சாப்பாட்டிலும் வந்து உட்காரும் வீட்டு ஈ, நோயைப் பரப்பும் என்பதை எல்லாரும் அறிவர். ஆனால் ஈக்களிலும் உழவனுக்கு உதவும் இனம் ஒன்று உண்டு. அது இலையில் மொய்ப்பதில்லை. வீட்டுக்குள் புகுந்து தொல்லை தருவதில்லை. அதன் புழு அழுகும் உணவைத் தின்று தீர்க்கிறது. தின்று கொழுத்த புழு கோழிக்கும் மீனுக்கும் தீவனமாகிறது. மிஞ்சிய சக்கை வாழைக்கு எருவாகிறது. அந்த இனத்தின் பெயர் கறுப்புச் சிப்பாய் ஈ.

ஊருக்கும் ஆற்றுக்கும் நடுவே

தாமிரபரணி ஆறு திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் கார், பிசான நெற்பயிருக்கும் வாழைக்கும் பாசனம் தருகிறது. லட்சக்கணக்கான மக்களுக்குக் குடிநீரும் தருகிறது. பழவூர் அணையிலிருந்து வரும் பாளையங்கால்வாயும், சுத்தமல்லி அணையிலிருந்து வரும் நெல்லைக் கால்வாயும் நகர்ப் பகுதிகளை ஒட்டியே வயலுக்குச் செல்கின்றன. கால்வாயில் கொட்டிய குப்பை கடைமடை வயலில்தான் போய்ச் சேரும்.

குப்பையில் மிகுந்த தொல்லை தருவது ஈரமான உணவுக் கழிவு. பிளாஸ்டிக் அழுகாது, சோறு அழுகும். நாற்றம், வீட்டு ஈ, கறுப்புக் கசிவுநீர் ஆகிய மூன்றும் இதிலிருந்தே பிறக்கின்றன. குவியலின் அடியில் காற்றில்லாமல் அழுகும்போது எரியக்கூடிய மீத்தேன் வாயுவும் உண்டாகிறது. கோடையில் குப்பைக் கிடங்குகள் பற்றி எரிவதற்கு இதுவும் ஒரு காரணம். நெல்லை மாநகராட்சியின் இராமையன்பட்டிக் கிடங்கில் தீப்பிடித்த செய்தி பலமுறை வந்திருக்கிறது.

இதே கழிவில் மாவுச்சத்தும் புரதமும் கொழுப்பும் இருக்கின்றன. நயினார்குளம் காய்கறி மார்க்கெட்டில் ஒதுக்கப்படும் காய், ஓட்டல்களில் மீந்த சோறு, கல்யாண மண்டபத்துப் பந்தி எச்சம், அல்வாவுக்குப் பால் எடுத்தபின் மிஞ்சும் கோதுமைச் சக்கை ஆகிய யாவும் ஒருவகையில் தீவனமே. அதைக் கெடுமுன் பிடித்துத் தரும் உயிரினமே இந்தப் புழு.

எப்படி அடையாளம் காண்பது?

இதன் தாய்நாடு அமெரிக்கக் கண்டம். 1758ஆம் ஆண்டில் லின்னேயஸ் என்னும் அறிஞர் இதைப் பதிவு செய்தார். இன்று வெப்ப நாடுகள் பெரும்பாலானவற்றில் பரவியுள்ளது. நம் எருக்குழிகளிலும் கோழிப்பண்ணைச் சாணத்திலும் காணலாம். பெயர் தெரியாததால் பலர் கவனிப்பதில்லை.

வளர்ந்த ஈ 15 முதல் 20 மில்லிமீட்டர் நீளம் உடையது. கறுத்து, ஒல்லியாக, குளவிபோலத் தோன்றும். ஆனால் கொடுக்கு இல்லை, கொட்டாது. வயிற்றின் முற்பகுதியில் ஒளி ஊடுருவும் இரண்டு கண்ணாடிப் புள்ளிகளும், கால்களின் நுனிப்பக்கம் வெண்மையும் இருக்கும். புழுப் பருவத்தில் சேர்த்த கொழுப்பைக் கொண்டே இது உயிர்வாழ்கிறது. நீர் மட்டும் இருந்தால் போதும். ஆகவே உணவைத் தேடி மொய்க்கும் பழக்கம் இதற்கு இல்லை. ஒரு வாரம் போல வாழ்ந்து, இணைசேர்ந்து, முட்டையிட்டு மடிகிறது.

ஒரு பெண் ஈ 400 முதல் 800 முட்டை வரை இடும். கழிவின்மேல் இடாது, அருகிலுள்ள உலர்ந்த இடுக்கில் இடும். நான்கு நாளில் முட்டை பொரியும். நல்ல தீனியும் சூடும் கிடைத்தால் இரண்டு வாரம் போலப் புழு வளரும். வெளிறிய புழு முற்றியதும் கறுத்து, தின்பதை நிறுத்தி, உலர்ந்த இடம் தேடித் தானே ஊர்ந்து செல்லும். அங்கே கூட்டுப்புழுவாகி, இரண்டு மூன்று வாரத்தில் ஈயாக வெளிவரும்.

வீட்டு ஈயை விரட்டும் ஈ

இந்தப் புழு நெருக்கமாக இருக்கும் கழிவில் வீட்டு ஈ முட்டையிடத் தயங்குகிறது. அமெரிக்காவின் ஜார்ஜியாப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 1984இல் இதை ஆய்ந்து வெளியிட்டனர். பத்து ஆண்டு கழித்து, 1994இல், கூண்டுக் கோழிகளின் எருவை இப்புழுவைக் கொண்டு குறைத்துத் தீவனம் எடுக்கும் முறையையும் அங்கேயே விளக்கினர்.

நம் அண்டை மாநிலமும் இதை நாடியுள்ளது. 2023 மார்ச் 2ஆம் தேதி கொச்சியின் பிரம்மபுரம் குப்பைக் கிடங்கில் பற்றிய தீ, பத்து நாளுக்கு மேல் புகைந்து நகரையே திணறடித்தது. அதன்பின் கொச்சி மாநகராட்சி, உணவுக் கழிவை இப்புழுவால் மாற்றும் ஆலைகளுக்கு வழிசெய்தது. ஆயினும் இதற்குப் பெரிய ஆலைதான் வேண்டும் என்பதில்லை. கோழியோ மீன் குட்டையோ வைத்துள்ள ஒரு பண்ணையின் கொட்டகையிலும் செய்யலாம்.

எந்தக் கழிவு ஏற்றது?

வெற்றியும் தோல்வியும் இங்கேதான் முடிவாகின்றன. புழு தன் வேலையைத் தவறாமல் செய்யும். பிரித்துக் கொடுப்பது மனிதன் வேலை.

ஏற்றவை: சோறு, இட்லி, காய்கறி, பழம், அவித்த பயறு, கோதுமைச் சக்கை, தவிடு.

ஒதுக்க வேண்டியவை: வாழையிலை, முருங்கைச் சக்கை, எலும்பு, தேங்காய்ச் சிரட்டை. இவற்றைப் புழு தொடாது. இலையைத் தனியே எடுத்து எருக்குழியில் இடவேண்டும். ஊறுகாய்போல உப்பும் எண்ணெயும் மிகுந்தவற்றையும் தவிர்க்க வேண்டும். பூச்சிமருந்து தெளித்துச் சில நாளே ஆன காய்கறியைப் போட்டால் புழு செத்துவிடும். நோயில் இறந்த கோழி, மீனை ஒருபோதும் போடலாகாது. பாட்டரி, பெயின்ட் போன்றவை கலந்த குப்பையும் ஆகாது. அதிலுள்ள காட்மியம் என்னும் நச்சு உலோகம் புழுவின் உடலில் சேர்ந்து தீவனத்திலும் வந்துவிடும்.

அடுத்தது ஈரம். பந்தி எச்சத்தில் சாம்பாரும் ரசமும் மோரும் கலந்திருக்கும். மறுவீட்டுப் பந்தியானால் சொதியும் சேரும். அப்படியே கொட்டினால் பெட்டி சேறாகும். காற்றில்லாமல் புளித்து நாறும். புழு மேலேறி வெளியேறும். ஆகவே துளையிட்ட வாளியில் வடித்து, தவிடு அல்லது தென்னை நார்க்கழிவு கலந்து பதப்படுத்த வேண்டும். கையில் அள்ளிப் பிழிந்தால் விரலிடுக்கில் சில சொட்டு நீர் கசிய வேண்டும், ஒழுகக் கூடாது. ஈரப்பதம் 70 முதல் 80 சதம் இருப்பது நலம். பெரிய துண்டுகளை 1 முதல் 2 செ.மீ. அளவுக்கு நறுக்கிக்கொள்ள வேண்டும்.

முட்டை சேகரித்தல்

ஒரு வாளியில் ஊறவைத்துப் புளித்த தவிட்டை நிழலில் வைக்கவும். அதன்மேல், நீர் படாத உயரத்தில், நடுவே நூலிழை அளவு இடைவெளி விட்டுக் கட்டிய பலகைத் துண்டுகளையோ அட்டைப்பெட்டியின் மடிப்பு அட்டைகளையோ வைக்கவும். சுற்றுப்புறத்தில் இந்த ஈ இருந்தால் சில நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் இடுக்குகளில் வெளிர்மஞ்சள் முட்டைக் குவியல்கள் தென்படும். கிடைக்காவிடில் வளர்ப்போரிடம் இளம்புழு வாங்கலாம்.

முட்டை உள்ள அட்டையை ஈரத் தவிட்டின்மேல் தொட்டுவிடாமல் தொங்கவிட வேண்டும். பொரித்த புழு தவிட்டில் விழுந்து வளரும். ஐந்து நாள் ஆனதும் பெட்டிக்கு மாற்றலாம்.

பெட்டியில் வளர்த்தல்

60 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம், 17 செ.மீ. உயரமுள்ள பிளாஸ்டிக் பெட்டி ஒன்றுக்கு ஐந்து நாள் வயதுள்ள புழு 10,000 போதும். இத்தனை புழுவுக்கு 20 முதல் 25 முட்டைக் குவியல் தேவைப்படும்.

பெட்டிக்கு மொத்தம் 15 கிலோ கழிவு. இதை முதல் நாள் 5 கிலோ, ஐந்தாம் நாள் 5 கிலோ, எட்டாம் நாள் 5 கிலோ என மூன்று தவணையாக இடவேண்டும். ஒரேயடியாகக் கொட்டக் கூடாது. தீனியின் கனம் 5 செ.மீ.க்கு மேற்பட்டால் அடிப்பகுதி தின்னப்படாமல் அழுகும். பன்னிரண்டாம் நாள் அறுவடை.

கொட்டகைக்குக் கூரை, காற்றோட்டம், நிழல் மூன்றும் வேண்டும். 24 முதல் 30 டிகிரி வெப்பம் ஏற்றது. நெல்லைச் சீமையின் சித்திரை வெயிலில் பெட்டி நேரடியாகக் காய்ந்தால் புழு மடிந்துவிடும். எறும்பு பெரும் பகை. அடுக்கின் கால்களை நீர்க் கிண்ணத்தில் நிறுத்த வேண்டும். எலி, ஓணான், கோழி நுழையாமல் வலை கட்ட வேண்டும்.

கணக்கு என்ன?

ஒரு சிறிய ஓட்டலிலிருந்து நாளொன்றுக்குப் பிரித்த கழிவு 30 கிலோ கிடைக்கிறது என்று கொள்வோம். நாள்தோறும் இரண்டு புதிய பெட்டி தொடங்க வேண்டும். 12 நாள் சுழற்சிக்கு 24 பெட்டி தேவை. பெட்டிக்கு ஏறத்தாழ 2 கிலோ வீதம் நாளொன்றுக்கு 4 கிலோ பச்சைப் புழு கிடைக்கும். உலர்த்தினால் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஒன்றேகால் கிலோ அளவு நிற்கும். உலர்ந்த புழுவில் புரதம் 40 சதம் போலவும் கொழுப்பு 30 சதம் போலவும் இருக்கும். சுண்ணாம்புச் சத்தும் மிகுதி. இட்ட கழிவில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை சக்கையாக மிஞ்சும்.

இந்த அளவு ஒரு வீட்டுக் கோழிக் கூட்டத்துக்கும் சிறு மீன் குட்டைக்கும் துணைத் தீவனமாகப் போதுமே தவிர, செல்வம் குவிக்கப் போதாது. இதை முதலிலேயே தெளிந்துகொள்வது நல்லது.

அறுவடையும் பயன்பாடும்

புழு வெளிச்சத்தைக் கண்டால் அடியில் ஒளியும். மேலே உள்ள சக்கையைச் சிறிது சிறிதாக வழித்தெடுத்தால் புழு அடியில் திரண்டு நிற்கும். சக்கை உதிரியாக இருந்தால் சல்லடையில் சலிக்கலாம். ஈரமாக இருந்தால் சல்லடை அடைத்துக்கொள்ளும். எடுத்த புழுவைக் கழுவி, கொதிநீரில் ஓரிரு நிமிடம் இட்டு எடுத்து, வெயிலில் உலர்த்த வேண்டும். கொதிநீரில் இடுவது கிருமிகளைக் குறைக்கும். கொழுப்பு மிகுந்ததால் நாள்பட்டால் சிக்குவாடை அடிக்கும். ஆகவே சிறிது சிறிதாகச் செய்து புதிதாகவே பயன்படுத்துக.

நாட்டுக்கோழிக்கு மொத்தத் தீவனத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படாமல் கொடுத்துத் தொடங்கலாம். விரால், கெளுத்தி, கெண்டை மீன்களுக்கு மீன்தூளில் ஒரு பகுதிக்கு ஈடாகும். ஆடு மாடுகளுக்குக் கொடுக்க வேண்டாம். ஐரோப்பிய நாடுகள் பூச்சிப் புரதத்தை 2017இல் மீன் தீவனத்துக்கும், 2021இல் கோழி, பன்றித் தீவனத்துக்கும் அனுமதித்தன. ஆனால் ஓட்டல் எச்சத்தில் புழு வளர்ப்பதை அனுமதிக்கவில்லை. எச்சத்தைத் தரம் பார்த்துச் சேர்ப்பதில் எவ்வளவு கவனம் வேண்டும் என்பதை இது காட்டும்.

சக்கையை அப்படியே பயிருக்கு இடலாகாது. அமோனியா நெடி உள்ள சக்கை இளம் வேரைக் கருக்கும். வாழையிலைத் துண்டு, சருகு சேர்த்து மூன்று நான்கு வாரம் நிழலில் மக்கவைத்து, மண்வாசனை வந்தபின் வாழைக்கும் காய்கறிக்கும் இடலாம்.

மழைக்காலத்தில்

விதைக்கென்று நூற்றுக்கு ஐந்து புழு வீதம் விட்டுவைத்து, கூட்டுப்புழுவாக்கி, கொசுவலைக் கூண்டில் ஈயாக்க வேண்டும். இந்த ஈ இணைசேரச் சூரிய ஒளி தேவை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை மூடாக்குப் போட்டால் முட்டை குறைந்துவிடும். அப்போது கழிவு வாங்குவதையும் அதற்கேற்பக் குறைத்துக்கொள்ள வேண்டும். புழு இல்லாத கழிவு வெறும் குப்பை; அதில் வீட்டு ஈ பெருகினால் அண்டை வீட்டார் சொல்லும் குறையில் நியாயம் இருக்கும்.

நாற்றம் வந்தால்

1. புளித்த நாற்றம்: ஈரம் மிகுதி. தவிடு அல்லது நார்க்கழிவு தூவிக் கிளறவும்.
2. புழு கூட்டமாக வெளியேறுதல்: சூடோ ஈரமோ மிகுதி. நிழலும் காற்றும் தருக.
3. புழு சிறுத்துப் போதல்: தீனி போதவில்லை அல்லது எண்ணிக்கை மிகுதி.
4. தீனி மிஞ்சுதல்: அடுத்த தவணையை நிறுத்தி வைக்கவும்.

முதல் போடுமுன்

2012இல் கொங்கு மண்டலத்தில் ஈமு கோழி வளர்ப்புத் திட்டங்களில் பணம் கட்டி, 'நாங்களே திரும்ப வாங்கிக்கொள்வோம்' என்ற சொல்லை நம்பி இழந்தவர் பலர். புழு வளர்ப்பிலும் அத்தகைய வாக்குறுதியுடன் யாரேனும் வந்தால் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும். புழுவை விற்றுப் பிழைக்கலாம் என்று கடன் வாங்கிக் கொட்டகை போடுவதைவிட, தன் கோழிக்கும் தன் குட்டைக்கும் என்று இரண்டு பெட்டியில் தொடங்குவதே அறிவுடைமை. மூன்று சுழற்சி நாற்றமின்றி நடந்தால் பெட்டியைக் கூட்டலாம்.

கழிவு தரும் ஓட்டலிடமும் மண்டபத்திடமும் முதல் நாளே பேசிக்கொள்ள வேண்டும்: இலை ஒரு தொட்டியில், சோறும் காயும் மற்றொரு தொட்டியில், பிளாஸ்டிக் தனியே. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளும் பிரித்துத் தருவதையே வலியுறுத்தின. பந்தி எடுப்பவர் இலையோடு சேர்த்துச் சுருட்டிவிட்டால், பிறகு எந்தப் புழுவாலும் அதைச் சீர்செய்ய இயலாது.

ஆர்வமுள்ள விவசாயிகள் அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையும், கால்நடை மருத்துவரையும் கலந்துகொண்டு, தம் பண்ணைக்கு ஏற்ற அளவில் தொடங்கிப் பயன்பெறலாம். கால்வாய்க்குப் போக இருந்த ஒரு வாளிச் சோறு கோழிக் கூட்டுக்குத் திரும்பினால், பண்ணைக்கும் லாபம்; கடைமடைக்கும் லாபம்.