பழைய கமடோர் 64: விற்கும் முன் செக் செய்வது எப்படி?

பழைய கம்ப்யூட்டர் ஒன்று கையில் கிடைத்தால் முதலில் என்ன செய்வோம்? பிளக்கைச் சொருகி ஸ்விட்சைப் போட்டுப் பார்ப்போம். கமடோர் 64 கிடைத்தால் அந்த ஒரு தவறை மட்டும் செய்து விடாதீர்கள்.

வேலைக்காக நான் ஜெர்மனியில் தங்கியிருக்கிறேன். 1982-ல் வெளிவந்து 1994 வரை தயாரிக்கப்பட்ட இந்த கம்ப்யூட்டர் இங்கு ஏராளமான வீடுகளில் இருந்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர், 1985-ல் மகளுக்காக வாங்கிய செட்டை என்னிடம் கொண்டு வந்தார். வீட்டைக் காலி செய்யப் போகிறார். "ஓடுகிறதா என்று பார்த்து விற்றுக் கொடுங்கள்" என்றார். ஓடும் மெஷினுக்கும் ஓடாத மெஷினுக்கும் விலையில் பெரிய வித்தியாசம் உண்டு. அவருக்கோ பணம் தேவை.

முதலில் பவர் சப்ளை. செங்கல் போல கனக்கும் தனிப் பெட்டி இது. இதன் பிளக்கில் 5, 2 ஆகிய பின்களுக்கு இடையே 5 வோல்ட் டிசியும், 6, 7 ஆகிய பின்களுக்கு இடையே 9 வோல்ட் ஏசியும் வர வேண்டும். கம்ப்யூட்டரில் இணைக்காமல் மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். (பிளக்கை எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து பின்கள் இடவலமாக மாறும். வரைபடத்தோடு ஒப்பிட்டுக் கொள்ளுங்கள்.) 5 வோல்ட் என்பது 5.25-ஐத் தாண்டக் கூடாது. எனக்கு 6.4 காட்டியது!

உள்ளே இருக்கும் ரெகுலேட்டர் வயதாகிக் கெட்டால் வோல்டேஜ் குறைவதற்குப் பதில் ஏறிவிடுகிறது. அது நேராக மெமரி சிப்புகளைத் தாக்கும். இத்தகைய பெட்டிகள் பலவற்றில் உள்ளே பிசின் ஊற்றி இறுக்கியிருப்பார்கள். ரிப்பேர் செய்ய முயல வேண்டாம். நான் புதிய பவர் சப்ளை ஒன்றை வாங்கினேன்.

அதை இணைத்ததும் சிவப்பு விளக்கு எரிந்தது. திரையோ கறுப்பு. இங்கே உதவுவது டெட் டெஸ்ட் எனப்படும் கார்ட்ரிட்ஜ். மெஷினின் சொந்த ரோம் கெட்டிருந்தாலும் இது ஓடும். மெமரியில் பழுது இருந்தால் திரை விட்டு விட்டு மின்னும். எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணினால் எந்த சிப் கெட்டது என்பது தெரிந்துவிடும். திரை அப்போதும் கறுப்பாகவே இருந்தால் பிஎல்ஏ சிப் அல்லது பிராசசர் மேல் சந்தேகப்படலாம்.

என் போர்டில் 4164 வகை மெமரி சிப்புகள் 8 இருந்தன. ஒவ்வொரு பைட்டிலும் ஒரு பிட்டை ஒவ்வொரு சிப் வைத்துக் கொள்கிறது. எனவே ஒன்று போனாலே 64 கேபியும் போன மாதிரிதான். கெட்ட சிப்பை அப்படியே பிடுங்கினால் போர்டின் செம்புக் கோடுகளும் பெயர்ந்து வரும். முதலில் 16 கால்களையும் வெட்டி விட்டு, ஒவ்வொரு காலாகச் சூடாக்கி எடுங்கள். அந்த இடத்தில் சாக்கெட் வைத்து புதிய சிப்பைச் சொருகுங்கள். இதற்கு எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஆனது.

மீண்டும் ஸ்விட்சைப் போட்டேன். நீலத் திரையில் 38911 பேசிக் பைட்டுகள் காலி என்ற வரி வந்தது. இந்த எண் குறைந்தால் மெமரியில் இன்னும் பழுது இருக்கிறது என்று பொருள்.

அடுத்து ஒலி. போக் கட்டளையை இந்த எண்களுடன் ஒவ்வொன்றாக டைப் செய்து ரிட்டர்ன் தட்டுங்கள்: 54296,15 பிறகு 54278,240 பிறகு 54273,25 பிறகு 54276,17. தொடர்ந்து ஒரு ஓசை கேட்கும். நிறுத்த 54276,16. கீபோர்டில் எல்லா கீகளையும் தட்டிப் பாருங்கள். ரன்ஸ்டாப்புடன் ரெஸ்டோர் கீயை அழுத்தினால் திரை துடைக்கப்பட வேண்டும். பல மெஷின்களில் ரெஸ்டோரை ஓங்கித்தான் தட்ட வேண்டும், அது பழுதல்ல.

விற்பனை விளம்பரம் எழுதும்போதுதான் பெரியவருக்கும் எனக்கும் வாக்குவாதம். ஒரிஜினல் பவர் சப்ளையோடு கொடுத்தால் விலை கூடும் என்றார் அவர். உண்மைதான். ஆனால் வாங்குபவர் அதைச் சொருகினால் நான் மாற்றிய சிப்பும் மற்றவையும் சேர்ந்து போகும். மல்டிமீட்டரை வைத்து 6.4-ஐக் காட்டிய பிறகு ஒப்புக் கொண்டார். பிளக்கை வெட்டி அந்தப் பெட்டியைக் கழிவில் போட்டோம். ஒரு மெமரி சிப் மாற்றியது, பவர் சப்ளை புதிது என்ற இரண்டையும் விளம்பரத்தில் எழுதினேன்.

செட்டோடு வந்த கேசட்டுகளையும் கொடுப்பதற்கு முன் ஓட்டிப் பாருங்கள். ஒன்றில் அவருடைய மகள் எழுதிய சிறிய பெருக்கல் கணக்கு புரோகிராம் இருந்தது. அந்தக் கேசட்டை மட்டும் அவர் எடுத்து வைத்துக் கொண்டார்.