ஏற்றிய மாதிரியே இறக்க முடியாது

பெசன்ட் நகரில் கடலுக்கு நாலு தெரு தள்ளி ஒரு பழைய இரண்டு மாடி வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். மொட்டைமாடியில் 12 மீட்டர் உயரத்துக்கு ஒரு லாட்டிஸ் மாஸ்ட். 3 மீட்டர் துண்டுகள் நாலை ஒன்றன்மேல் ஒன்றாக போல்ட் போட்டு நிறுத்தியது. 6 மீட்டரில் ஒரு செட் ஸ்டே கம்பி, உச்சிக்குக் கொஞ்சம் கீழே இன்னொரு செட். மேலே ஒரு அலுமினிய யாகி ஆன்டெனா. அதை நிறுத்திய ஹாம் இப்போது உயிரோடு இல்லை. ஹாம்கள் மொழியில் அவர் ஒரு ‘சைலண்ட் கீ’, அதாவது மௌனமாகிப்போன மோர்ஸ் சாவி. வீடு பில்டர் கைக்குப் போகப்போகிறது. “உங்க காலேஜ் கிளப்புக்கு வேணும்னா கழட்டி எடுத்துட்டுப் போங்கப்பா, காசெல்லாம் வேண்டாம்” என்கிறார்கள் வீட்டில்.

நாலு பேர், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு ஸ்பேனர் செட். போதும்னு தோணும். எப்படி மாட்டினார்களோ அதையே தலைகீழாகச் செய்தால் கழன்று வந்துவிடும் இல்லையா? வராது. ஏன் வராது என்பதுதான் இந்தப் பாடம்.

முதலில், எதற்கு இவ்வளவு உயரம்?

ஹாம்கள் விரும்பும் 14 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அரை அலைநீளமே 10 மீட்டருக்கு மேல். ஆன்டெனா தரையிலிருந்து அந்த அளவாவது உயர்ந்தால்தான் அலை தாழ்வான கோணத்தில் கிளம்பி தூர தேசத்துக்குப் போகும். அந்த உயரத்துக்கு மதிப்பும் உண்டு. 2004 டிசம்பரில் சுனாமி அந்தமானைத் தாக்கியபோது, ஹைதராபாத்தின் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்திலிருந்து போன ஹாம் குழு போர்ட் பிளேரில் இருந்தது. தொலைபேசி செத்துப்போன நேரத்தில் தீவுகளின் செய்தி வெளியே வர அவர்களின் ரேடியோ உதவியது. ஆகவே ‘ஆன்டெனாவே வேண்டாம்’ என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ரேடியோ லைசென்ஸ் கையில் இருப்பதால் டவர் ஏறத் தெரியும் என்று ஆகிவிடாது. அது தனி வேலை, தனிப் பயிற்சி.

மாட்டும்போது தெரியும், கழற்றும்போது தெரியாது

புதிதாக ஒரு மாஸ்டை நிறுத்தும்போது குழாய் புதுசு, போல்ட் புதுசு, கான்கிரீட் உங்கள் கண்முன்னே போட்டது. ஒவ்வொரு பாகத்தின் வலிமையும் தெரியும். இருபது வருஷம் கழித்துக் கழற்றப் போகும்போது அதில் எதுவுமே தெரியாது. அதைவிட முக்கியம், உங்கள் பெல்ட்டைக் கட்டிக்கொள்வதே அந்தச் சந்தேகத்துக்குரிய இரும்பில்தான். லேபில் ஒரு சாம்பிளை உடைத்துப் பார்க்கிறோம். இங்கே சாம்பிளின் உச்சியில் நாமே உட்கார்ந்திருக்கிறோம்.

உப்புக்காற்றின் கணக்கு

எலியட்ஸ் பீச் பக்கம் ஜன்னல் கிரில் என்ன கதியாகும் என்று அங்கே குடியிருப்பவர்களைக் கேட்டால் தெரியும். காற்றில் வரும் குளோரைடு துத்தநாகப் பூச்சைத் தின்று, பிறகு இரும்பைத் தின்கிறது. ஐ.எஸ்.ஓ. 9223 தரநிலை காற்றை அதன் அரிப்புத்தன்மையை வைத்து வகைப்படுத்துகிறது. அதில் ‘மிக அதிகம்’ எனப்படும் சி5 வகுப்பில் துத்தநாகம் வருஷத்துக்கு 4.2 முதல் 8.4 மைக்ரோமீட்டர் வரை கரையும். மாஸ்ட் மேல் 85 மைக்ரோமீட்டர் பூச்சு இருந்தது என்று வைத்தால், வகுத்துப் பாருங்கள்: 10 முதல் 20 வருஷம். அதற்குப் பிறகு வெறும் இரும்பு.

வெளியே தெரியும் துரு பாதிப் பிரச்சினைதான். குழாய்க்குள் புகுந்த மழைத்தண்ணீர் வடியும் ஓட்டை அடைத்துப்போனால், குழாய் உள்ளிருந்து அரிக்கும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். ஒவ்வொரு துண்டின் அடிப்பகுதியையும், முக்கியமாகக் கான்கிரீட்டுக்குள் நுழையும் இடத்தையும் சுத்தியலால் லேசாகத் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும். மக்கிய இடம் மொத்தையாகச் சத்தம் போடும், சில சமயம் சுத்தியல் உள்ளேயே இறங்கும். அப்படி இறங்கினால் பரிசோதனை அங்கேயே முடிந்தது. யாரும் ஏறக்கூடாது.

“2016 டிசம்பர் 12ல் வர்தா புயலுக்கே அசையாம நின்னுச்சு” என்று யாராவது சொன்னால், அதைச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதம். வேகம் இரட்டித்தால் விசை நாலு மடங்கு. அன்று அது விழவில்லை என்பது உண்மை. அன்று எந்த வெல்டில் விரிசல் விட்டது என்பது யாருக்கும் தெரியாது.

ஸ்டே கம்பியும் ஆய்லரும்

இரண்டாம் வருஷத்தில் படித்த ஆய்லர் சமன்பாடு இங்கேதான் வேலைக்கு வருகிறது. ஒல்லியான தூண் வளையாமல் தாங்கும் சுமை, தாங்கலில்லாத நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம். நம் மாஸ்டில் 6 மீட்டரில் இருக்கும் ஸ்டே கம்பியை யாராவது ‘இது இடைஞ்சலா இருக்கு’ என்று முதலில் அவிழ்த்தால், தாங்கலில்லாத நீளம் 6லிருந்து 12 ஆகிறது. தாங்கும் திறன் கோட்பாட்டளவில் கால் பங்கு. மேலே ஒரு ஆள் வேறு.

இன்னொன்று. ஒரு மட்டத்தில் மூன்று கம்பிகளும் மாஸ்டை மூன்று பக்கம் இழுத்துச் சமன் செய்து வைத்திருக்கின்றன. ஒன்றை அவிழ்த்தால் மற்ற இரண்டும் சும்மா இருக்காது, தங்கள் பக்கம் இழுக்கும். மேலே ஆள் இருக்கும்போது ஸ்டே கம்பியையோ டர்ன்பக்கிளையோ தொடவே கூடாது.

அப்படியானால் வரிசை எது? முதலில் ஆன்டெனா இறங்க வேண்டும், ஏனென்றால் காற்று பிடிக்கும் பாய் அதுதான். பிறகு ரோட்டேட்டர், அதன் மேல் குழாய். அடுத்து உச்சித் துண்டு. ஆனால் உச்சி ஸ்டே கம்பிகள் அந்தத் துண்டில்தான் இருக்கின்றன. அவற்றை அவிழ்க்கும் முன் 9 மீட்டர் மட்டத்தில், இணைப்புக்குக் கீழே, தற்காலிக ஸ்டே மூன்று கட்டி இறுக்க வேண்டும். பிறகு ஆள் இறங்கி வந்தபின் கீழிருந்து உச்சிக் கம்பிகளைத் தளர்த்த வேண்டும். மறுபடி ஏறி, 9 மீட்டருக்குக் கீழே உள்ள துண்டில் உங்களைக் கட்டிக்கொண்டு, மேலே உள்ளதைக் கழற்ற வேண்டும். இந்தக் கடைசி வரியை இன்னொரு முறை படியுங்கள். கழற்றப்போகும் துண்டில் பெல்ட்டை மாட்டினால், அது போகும்போது நீங்களும் போவீர்கள்.

துண்டை இறக்க ஜின் போல் என்கிற தனிக் கம்பமும் கப்பியும் வேண்டும், கையால் தூக்கக் கூடாது. கப்பியிலும் ஒரு கணக்கு: துண்டு 20 கிலோ, கீழே நிற்பவர் கயிற்றை நேராகக் கீழே இழுத்துப் பிடிக்கிறார் என்றால், கப்பி தாங்குவது 40 கிலோ. கயிற்றின் இரண்டு பக்கமும் இழுக்கிறதே! ஜின் போலை எந்தத் துண்டில் மாட்டினீர்களோ அதுவும் அவ்வளவைத் தாங்க வேண்டும்.

விழுவது பற்றி

ஆளும் கருவியும் சேர்ந்து 80 கிலோ. 2 மீட்டர் விழுந்தால் வேகம் மணிக்குச் சுமார் 22 கிலோமீட்டர். சைக்கிள் வேகம்தானே என்று நினைக்காதீர்கள், எவ்வளவு தூரத்தில் நிற்கிறோம் என்பதுதான் கேள்வி. நீளாத கயிறு உங்களை 5 சென்டிமீட்டரில் நிறுத்தினால் சராசரி விசை சுமார் 32 கிலோநியூட்டன். அது மூன்று டன்னுக்கு மேல். இடுப்பு பெல்ட் மட்டும் போட்டிருந்தால் முதுகெலும்பு அதைத் தாங்காது. ஷாக் அப்சார்பர் இருக்கும் லேன்யார்டு, தையல் பிரிந்து நீண்டு, அந்த விசையை 6 கிலோநியூட்டனுக்குள் வைக்கும்படி செய்யப்படுகிறது. அதனால்தான் ஐ.எஸ். 3521 முத்திரை உள்ள முழு உடல் ஹார்னெஸ் வேண்டும். இரண்டு கொக்கி உள்ள லேன்யார்டு வேண்டும். ஒன்றைக் கழற்றும்போது மற்றொன்று எப்போதும் மாட்டியிருக்க வேண்டும்.

ஆனால் ஹார்னெஸ் மந்திரக் கவசம் இல்லை. 2 மீட்டர் லேன்யார்டை காலடி மட்டத்தில் மாட்டினால், கயிறு, அப்சார்பர் நீள்வது, உங்கள் உயரம் எல்லாம் சேர்ந்து நிற்பதற்குள் 6 மீட்டருக்கு மேல் போய்விடும். 4 மீட்டர் உயரத்தில் இருப்பவரை அது காப்பாற்றாது, தரை முந்திக்கொள்ளும். தலைக்கு மேலே மாட்டுவதுதான் பழக்கமாக வேண்டும்.

சரி, ஹார்னெஸ் பிடித்துவிட்டது, ஆள் மயங்கித் தொங்குகிறார். இப்போ என்ன? அசையாமல் தொங்குபவரின் ரத்தம் கால்களில் தேங்கும். நிமிடக் கணக்கில் இறக்க வேண்டும். 101க்கும் 108க்கும் போன் போடுவது அவசியம், ஆனால் அவர்கள் வரும்வரை காத்திருப்பது மட்டுமே திட்டமாக இருக்கக் கூடாது. ஏறத் தெரிந்த, ஹார்னெஸ் போட்ட இரண்டாவது ஆள் கீழே இல்லையென்றால், முதல் ஆள் ஏறக்கூடாது.

மின்கம்பி, ஸ்பேனர், குளவி

2009 அக்டோபரில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் பாம் பே என்ற ஊரில், வீட்டு ஹாம் ஆன்டெனாவை நிறுத்த முயன்ற அப்பா, அம்மா, மகன் மூன்று பேரும் இறந்தார்கள். கம்பம் சாய்ந்து உயர் அழுத்த மின்கம்பியில் பட்டது. யாரும் ஏறவே இல்லை, தரையில் நின்றவர்கள்தான். ஆகவே மாஸ்ட் சாய்ந்தால் எட்டக்கூடிய தூரத்தில், அதற்கு மேல் பாதி கூடுதலாகவும், மின்கம்பி இருக்கக் கூடாது. இருந்தால் மின்வாரியத்தில் சொல்லி இணைப்பைத் துண்டித்த பிறகுதான் வேலை.

மாடிக்கு மேல் 12 மீட்டர் என்றால் தெருவிலிருந்து ஏறக்குறைய 19 மீட்டர். அங்கிருந்து நழுவும் ஸ்பேனர் மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் தெருவில் இறங்கும். அந்தத் தெருவில் தள்ளுவண்டி நிற்கலாம், ஸ்கூல் பிள்ளைகள் போகலாம். கருவிகளைக் கயிற்றில் கட்டுங்கள், கீழே ஒரு ஆளை நிறுத்தித் தெரு ஓரத்தை மறியுங்கள், எல்லாரும் தாடைப்பட்டை உள்ள ஹெல்மெட் போடுங்கள்.

குழாய் ஓட்டைக்குள் குளவிக்கூடு இருக்கும். காக்கா கம்பித் துண்டுகளை வைத்துக் கூடு கட்டியிருக்கும். கீழிருந்து பைனாகுலரில் பார்த்துவிடுங்கள். உச்சியில் குளவி கொட்டினால் கை தானாக விட்டுவிடும். நேரமும் முக்கியம்: சென்னையில் மத்தியான வாக்கில் கடல்காற்று ஏறும், வெயிலும் மண்டையைப் பிளக்கும். விடிந்ததும் தொடங்கி, காற்று ஏறுமுன் நிறுத்திவிடுங்கள். வேலை பாதியில் இருந்தால், தற்காலிக ஸ்டேயை இறுக்கிவிட்டு மறுநாள் வாருங்கள்.

ஏறாமல் முடிக்கலாமா?

இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும். வீட்டை இடிக்கப் போகிற பில்டர் எப்படியும் கிரேன் கொண்டுவருவார். அந்த நாளில் மாஸ்டை மேலிருந்து பிடித்து, அடியில் அறுத்து, முழுசாக இறக்கிவிடலாம். தெருவிளக்கு மாட்ட வரும் கூடை வண்டி மாதிரி ஒன்றை அரை நாள் வாடகைக்கு எடுத்தால், ஆள் நிற்பது மாஸ்டில் இல்லை, கூடையில். மொபைல் டவரில் தினமும் ஏறும் ரிக்கர்கள் ஊரில் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கூலி கொடுங்கள், மேலே சொன்ன துரு விவரத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஒன்றே ஒன்று செய்யாதீர்கள். ‘நாம ஏற வேண்டாம்’ என்று முடிவெடுத்துவிட்டு, அங்கே வேலை செய்யும் பெயின்டரிடமோ சாரம் கட்டுபவரிடமோ ஐந்நூறு ரூபாய் கொடுத்து ஏற்றுவது. அவருக்கு ஆய்லர் தெரியாது, சி5 தெரியாது. தெரிந்த நாம் தெரியாதவரை ஏற்றினால் நாம் படித்ததற்கு என்ன அர்த்தம்?

கிளப்பில் யார் வேண்டுமானாலும், முதலாண்டு மாணவியாக இருந்தாலும், ‘நிறுத்துங்க’ என்று சொல்லலாம், சொன்னால் வேலை நிற்கும் என்ற விதியை இப்போதே எழுதி வையுங்கள். காரணம் கேட்பது ஆள் இறங்கின பிறகு. ஓசியில் கிடைக்கும் ஒரு யாகி அலுமினியம்தான், அதைப் போல இன்னொன்றை ஒர்க் ஷாப்பில் நீங்களே செய்துகொள்ள முடியும்.