வயிறு எரிஞ்சா தண்ணி ஊத்தணுமா?

"காது கேக்காத பிள்ளைக்கு உள்ளது உள்ளபடி சொன்னாத்தான் ஏறும். ஜாடைப் பேச்செல்லாம் அதுக்குப் புரியாது." கேரள எல்லையோரத்தில் கொழிஞ்சாம்பாறை அங்கன்வாடியானாலும் மூணாறு எஸ்டேட் லயமானாலும் அடிக்கடி காதில் விழுகிற பேச்சு இது. சாட்சியும் கைவசம் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் புது ஜீப் வாங்கியதைப் பார்த்து அப்பத்தா 'வயிறு எரியுது' என்றாளாம். பேரன் தண்ணீர்ச் செம்போடு ஓடி வந்தானாம்.

நன்றாகக் காது கேட்கிற நாலு வயதுப் பிள்ளையும் இதைத்தான் செய்யும். மரபுத்தொடர் பிடிபடுவது ஐந்து வயதுக்கு மேல் மெல்ல மெல்லக் கூடி, பத்து வயதைத் தாண்டியும் வளர்கிற திறமை. சாதாரணப் பிள்ளை செம்பைத் தூக்கினால் சிரித்து வீடியோ எடுக்கிறோம். காது மெஷின் மாட்டிய பிள்ளை தூக்கினால் 'பாவம்' என்கிறோம். இந்தப் 'பாவம்'தான் முதல் கோளாறு.

இந்தப் பிள்ளைகளுக்குக் கற்பனையே வராது என்ற நம்பிக்கை ஆய்வாளர்களிடமும் ஒரு காலத்தில் இருந்தது. காது கேளாத பிள்ளைகளை ஆங்கில எழுத்துத் தேர்வில் உட்கார வைத்து மதிப்பெண் போட்டதன் விளைவு அது. 1985-இல் அமெரிக்காவில் மார்ஷார்க், வெஸ்ட் என்ற இருவர் வேறு வழியில் போனார்கள். அந்தப் பிள்ளைகளைச் சைகையிலேயே கதை சொல்லச் சொன்னார்கள். கேட்கும் பிள்ளைகள் வாயால் சொன்ன கதைகளோடு வைத்துப் பார்த்தபோது, உவமையிலும் உருவகத்திலும் இவர்கள் குறைந்து போகவில்லை. சைகை பழகினால் கற்பனை சுருங்கும் என்பவர்களுக்கும் இதுவே பதில்.

அப்படியானால் தடுமாற்றம் எங்கிருந்து வருகிறது? 'கை நீளம்', 'காது குத்தாதே', 'மூக்கறுபட்டான்' இவற்றையெல்லாம் நமக்கு யாரும் பாடமாக நடத்தவில்லை. பெரியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது காதில் விழுந்து கற்றோம். காது கேளாத பிள்ளைக்கு அந்த ஒட்டுக்கேட்கிற வாய்ப்புத்தான் இல்லை. அதனிடம் முகம் பார்த்துச் சொல்வது மட்டும் போய்ச் சேர்கிறது. 'சாப்பிடு, வா, தூங்கு' என்பதற்கு மேல் முகம் பார்த்து நாம் எவ்வளவு பேசுகிறோம்?

'அதான் ஆபரேஷன் ஆயிடுச்சே' என்பது அடுத்த நம்பிக்கை. கேரளத்தின் 'ஸ்ருதிதரங்கம்' திட்டம் 2012-இல் தொடங்கியது. ஐந்து வயதுக்கு உட்பட்ட ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட் என்ற உள்காதுக் கருவி இதில் இலவசம். திருவனந்தபுரம், கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரிகள் போன்ற இடங்களில் பொருத்துகிறார்கள். பெரிய உதவி, சந்தேகமில்லை. ஆனால் கருவி ஒலியைத்தான் தரும், அர்த்தத்தைத் தராது. அந்த ஒலியும் ஒன்றிரண்டு மீட்டர் தூரத்தில், சத்தமில்லாத இடத்தில்தான் தெளிவு.

ஜூலை மாதத்து லயத்தை நினைத்துப் பாருங்கள். தகரக் கூரையில் மழை கொட்டுகிறது, டிவி ஓடுகிறது. கொழுந்தெடுத்து வந்த பெண்கள் அடுப்பங்கரையில் குந்தி, சூப்பர்வைசரைக் கிழிகிழி என்று கிழிக்கிறார்கள். வகைவகையான சொலவடை வந்து விழுகிற நேரம் அதுதான். வாசலோரம் இருக்கிற பிள்ளையின் கருவி மழையையும் சேர்த்து உள்ளே அனுப்புகிறது. பேச்சில் பாதி மழையோடு போய்விடும்.

கிண்டல் இன்னும் சிக்கல். 'ஆமா, நீ பெரிய கலெக்டரு' என்பதில் கேலி சொல்லில் இல்லை, குரலின் இழுப்பில் இருக்கிறது. குரலின் ஏற்ற இறக்கத்தைக் காக்ளியர் இம்ப்ளான்ட் சரியாகக் கடத்துவதில்லை. எதிராளி மனசில் ஒன்று, வாயில் ஒன்று என்பதும் பிடிபட வேண்டும். ஆஸ்திரேலியாவில் பீட்டர்சன், சீகல் இருவரும் 1995 முதல் செய்த ஆய்வுகளில், கேட்கும் பெற்றோரின் காது கேளாப் பிள்ளைகளுக்கு இப்படி அடுத்தவர் மனசைப் புரிந்துகொள்வது தாமதமாகவே வந்தது. சைகை பேசும் பெற்றோருக்குப் பிறந்த காது கேளாப் பிள்ளைகளுக்கு அந்தத் தாமதம் இல்லை. அந்த வீட்டில் பேச்சு முழுதும் பிள்ளையின் கண் முன்னால் நடக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

எல்லையோரத்துக்கே உரிய நம்பிக்கை ஒன்று உண்டு. எனக்கு அதிகம் கோபம் வருவதும் அதில்தான். 'ஒரு மொழிக்கே திண்டாடுற பிள்ளைக்கு ரெண்டு எதுக்கு? தமிழை விடுங்க, வீட்லயும் மலையாளமே பேசுங்க.' பேச்சுத் தெரபி பெரும்பாலும் மலையாளத்தில் நடப்பதால் இது நியாயம்போலவே தெரிகிறது. வடகரப்பதியிலோ வண்டிப்பெரியாறிலோ அம்மாவுக்குத் தெரிந்த மலையாளம் கடைக்கும் பஸ்ஸுக்கும் போதும். அதை வைத்துக்கொண்டு அவள் பிள்ளையைக் கொஞ்ச முடியுமா, திட்டத்தான் முடியுமா? அவள் பேச்சு 'இங்கே வா, அதை எடு' என்று மெலிந்து போகும். கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969-லேயே தமிழுக்குச் சிறுபான்மை மொழி என்ற இடம் தந்தது. இந்த ஊர்கள் உள்ள இரண்டு மாவட்டங்களிலும் தமிழ்வழிப் பள்ளிகள் இருக்கின்றன. காது கேளாத பிள்ளைக்கு மட்டும் தமிழ் ஏன் இல்லாமல் போக வேண்டும்?

இரண்டு மொழி கெடுதல் என்பதற்குச் சான்றும் இல்லை. ஹூஸ்டனில் பூந்தாவும் அவர் குழுவினரும் வீட்டில் ஸ்பானிய மொழி பேசுகிற, காது கேளாத பிள்ளைகளைப் பார்த்தார்கள். 2016-இல் வெளிவந்த ஆய்வு. ஆங்கிலத்தில் மட்டும் பயிற்சி பெற்றவர்களைவிட இரண்டு மொழியிலும் துணை பெற்றவர்கள் பேசும் திறனில் முந்தினார்கள். சிறிய ஆய்வுதான். ஆனாலும் 'தமிழை விடு' என்பதற்கு இந்த அளவு ஆதாரம்கூட யாரும் காட்டியதில்லை.

'புரியாது, பழமொழி சொல்லாதீங்க' என்பதை முதலில் நிறுத்தலாம். அப்பத்தாவிடம் 'நேராப் பேசுங்க' என்று சொல்லாதீர்கள். பிள்ளையை எதிரில் உட்கார்த்தி, முகத்தைக் காட்டிப் பேசச் சொல்லுங்கள். டிவியை அணையுங்கள். சொலவடையைத் தனியாக விளக்குவதைவிட நடக்கும்போதே சொன்னால் ஒட்டும். அண்ணன் மாம்பழத்தை ஒளித்து வைத்துவிட்டு 'தீர்ந்து போச்சு' என்கிற அந்த நிமிஷமே 'காது குத்துறான் பார்' என்று காட்டுங்கள். பிள்ளை பயந்து காதைத் தொட்டுப் பார்க்கும். 'ஊசி எங்கடா இருக்கு?' என்று கேளுங்கள். இரண்டாம் முறை அதுவே அண்ணனைப் பார்த்துச் சொல்லும்.

தெரபிக்குப் போகும்போது வீட்டில் புழங்குகிற பத்துத் தொடரை நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள். 'கண்ணு வைக்கிறது', 'கை கழுவுறது' போல மலையாளத்திலும் அப்படியே இருப்பவற்றைத் தெரபிஸ்ட் அங்கே பழக்கட்டும். தமிழுக்கே உரியவற்றை வீட்டில் அப்பத்தா பார்த்துக்கொள்வாள்.